ஃபிரெட் வயர்: மேலே தெரிவதை மட்டும் அளந்து வாங்காதீர்கள்

கேள்வி: எட்டு வருடமாக வாசிக்கும் எலெக்ட்ரிக் கிட்டாரில் முதல் ஐந்து ஃபிரெட்களில் (தந்திக்கு அடியில் குறுக்கே பதிந்திருக்கும் உலோகக் கம்பிகள்) குழி விழுந்துவிட்டது. புது வயர் வாங்க என்னென்ன அளவு எடுக்க வேண்டும்?

பதில்: நான்கு அளவு வேண்டும். வெளியே தெரியும் தலையின் அகலம், உயரம். மரத்துக்குள் இறங்கும் டேங்கின் தடிமன், ஆழம்.

குழி விழுந்த ஃபிரெட்டில் உயரம் பார்த்துப் பயனில்லை. கை அதிகம் போகாத 20, 21ஆம் ஃபிரெட்களுக்குப் போங்கள். 648 மி.மீ. ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்) உள்ள கிட்டாரில் இவற்றுக்கு நடுவே சுமார் 11.5 மி.மீ.தான். டிஜிட்டல் வெர்னியரின் அடிப்பாகத்தை, தந்தி ஓடும் திசையிலேயே, இரண்டு ஃபிரெட்களின் மேலும் படும்படி நிறுத்துங்கள். ஆழம் பார்க்கும் குச்சியை மரம் தொடும்வரை இறக்கினால் அதுதான் உயரம். குறுக்கே வைத்தால், ஃபிரெட்கள் பதிந்த பலகையான ஃபிங்கர்போர்டின் வளைவு கணக்கைக் கெடுத்துவிடும்.

டேங்கை அளக்க ஒரு ஃபிரெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். சால்டரிங் அயர்னை ஃபிரெட்டின் மேல் வைத்துச் சூடேற்றுங்கள். பழைய பசை இளகும். முகத்தை மட்டமாகத் தேய்த்த கட்டிங் பிளேயரால் ஓரத்திலிருந்து மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள், டேங் தானாக மேலே ஏறும். நெம்பினால் மரம் சில்லு சில்லாகப் பெயரும்.

பலரும் தவறுவது அடுத்த இடத்தில்தான். டேங்கின் இருபக்கமும் சிறு முட்கள் இருக்கும். வெர்னியர் அவற்றின் மேல் உட்கார்ந்தால் 0.75 மி.மீ. என்று காட்டும், முட்களுக்கு நடுவில் வைத்தால் 0.5 மி.மீ. வாங்க வேண்டியது இரண்டாவது எண்ணை வைத்து. தடித்த டேங்கை அடித்து இறக்கினால் 22 ஃபிரெட்டும் 22 ஆப்பு வைத்ததுபோல் ஆகி, நெக் (கிட்டாரின் கழுத்து) பின்பக்கம் வளையும்; அதன் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் கம்பியான டிரஸ் ராடை முழுக்கத் தளர்த்தினாலும் நேராகாது. மெலிந்ததாக இருந்தால் ஓரங்கள் எழும்பி நிற்கும். டேங் இறங்கும் காடியின் அகலத்தையும் ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) விட்டுப் பார்த்துவிடுங்கள்.

நட் (கிட்டாரின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் காடியிட்ட துண்டு) பக்கம் 42, கடைசியில் 56 மி.மீ. அகலமுள்ள நெக்கில், 22 ஃபிரெட்டுக்கும் ஓரத்தில் வெட்ட விடும் இடம் சேர்த்து ஏறக்குறைய 1.25 மீட்டர் ஆகும். 1.5 மீட்டராக வாங்குங்கள். ஒன்றிரண்டு வீணாகத்தான் செய்யும்.

கேள்வி: கமகம் வாசிக்க எந்த வயர் நல்லது? ஜெஸ்கார் 47095, டன்லப் 6105 என்று கம்பெனி எண் சொல்கிறார்கள். எண்ணுக்கு என்ன அர்த்தம்?

பதில்: ஜெஸ்காரில் முதல் இரண்டு இலக்கம் உயரம், மற்றவை அகலம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். அதாவது 1.19 மி.மீ. உயரம், 2.41 அகலம். டன்லப் எண்ணுக்குள் அளவு கிடையாது. 6105 என்பது 1.40 உயரம், 2.29 அகலம்.

தந்தியை இழுத்து வாசிப்பவருக்கு 6105 போன்ற உயரமான வயரே என் தேர்வு. விரல்நுனி மரத்தில் உராயாததால் பிடி கிடைக்கும். வீணையில் மெட்டுகள் உயர்ந்து நிற்பதும் இழுப்புக்கு வசதிதான். ஆனால் அழுத்திப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் ஸ்வரம் ஏறிப்போகும். அப்படிப்பட்டவர் 47095 எடுக்கலாம்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடலாமா?

பதில்: தினமும் மணிக்கணக்கில் வாசிப்பவர் தாராளமாகப் போடலாம், தேய்மானம் மிகக் குறைவு. ஆனால் அது பிளேயரின் வாயைப் பதம் பார்க்கும், அரத்தையும் சீக்கிரம் மழுக்கும். முதல்முறை சொந்தமாக வேலை செய்பவர் நிக்கல் சில்வரில் தொடங்குங்கள். பெயரில்தான் சில்வர், உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். எதைப் போட்டாலும் பழையதைவிட உயரம் கூடினால் நட்டின் காடிகள் ஆழமாகிப்போய் வெறும் தந்தி முதல் ஃபிரெட்டில் பட்டு இரையும். வயரோடு ஒரு புது நட்டும் வாங்கி வையுங்கள்.