தைராய்டு சீரான பின்னும் கண்கள் பிதுங்குவது ஏன்?

கேள்வி: மிகைத் தைராய்டுக்கு ஆறு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். இரத்தப் பரிசோதனை இப்போது நார்மல். ஆனால் கண்கள் முன்தள்ளி, நீர் வடிகிறது. காலையில் எழுந்ததும் எல்லாம் இரண்டாகத் தெரிகிறது. பவர் மாறிவிட்டது என்கிறார்கள் கண்ணாடிக் கடையில். புதுக் கண்ணாடி போட்டால் சரியாகுமா?

பதில்: சரியாகாது. இப்போது கண்ணாடி மாற்றவும் வேண்டாம்.

உங்கள் தைராய்டைத் தூண்டிவிட்ட அதே எதிர்ப்பணுக்கள் (ஆன்டிபாடி: நோயெதிர்ப்பு அமைப்பு தவறுதலாகத் தன் உடல்மீதே ஏவும் புரதங்கள்) கண்குழியில் உள்ள தசைகளையும் கொழுப்பையும் வீங்கவைக்கின்றன. எலும்பால் சூழப்பட்ட அந்தக் குழியில் வேறு இடம் இல்லாததால் விழி முன்னே தள்ளப்படுகிறது. வீங்கிய தசைகள் ஒத்து அசையாததால் இரட்டைப் பார்வை வருகிறது. மாத்திரை ஹார்மோன் அளவைக் குறைக்குமே தவிர, இந்த வீக்கத்தை நேரடியாக ஆற்றாது. வீக்கம் கூடிக் குறையும் காலம் சில மாதங்கள் முதல் இரண்டு ஆண்டுகள்வரை நீளலாம். அதுவரை கண்ணின் பவர் மாறிக்கொண்டே இருக்கும் என்பது தெரிந்தும், விலையுயர்ந்த கண்ணாடியைத் தலையில் கட்டுபவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து அதைவிட மோசம்: அது கண்குழியின் வீக்கத்தை ஆற்றாது, தொடர்ந்து விட்டால் கண் அழுத்தத்தையும் கண்புரையையும் வரவழைக்கும். தைராய்டை வேரோடு அகற்றும் என்று விற்கப்படும் பொடிகளில் சில அயோடின் மிகுந்தவை, அவற்றைத் தொடாதீர்கள்.

தைராய்டு மருத்துவர் அறிக்கையைப் பார்த்து நார்மல் என்கிறார், கண் மருத்துவர் தைராய்டைப் பாருங்கள் என்கிறார். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத இந்த ஏற்பாட்டில் நோயாளிதான் கடிதம் சுமக்கிறார். இருவரிடமும் மற்றவரின் குறிப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கதிரியக்க அயோடின் சிகிச்சை பேச்சில் வந்தால், அது கண் நோயைக் கூட்டக்கூடும் என்பதால், கண் மருத்துவரின் கருத்துக்குப் பிறகே சம்மதியுங்கள்.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். தைராய்டு ஒருபோதும் மிகையாகச் சுரக்காதவர்களுக்கும், குறைவாகச் சுரப்பவர்களுக்கும்கூட, அரிதாக இதே கண் நோய் வரும். தைராய்டு இரத்தப் பரிசோதனையான டி.எஸ்.எச். நார்மல் என்ற ஒரே காரணத்துக்காக இதை ஒவ்வாமை என்று ஒதுக்கி, மாதக்கணக்கில் சொட்டு மருந்து மாற்றி மாற்றிக் கொடுப்பது தவறு. இமை மேலேறி நின்றால், எதிர்ப்பணுப் பரிசோதனையும் தேவைப்பட்டால் கண்குழி ஸ்கேனும் கேட்டுப் பெறலாம்.

புகைப்பவராக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். இந்நோயை முற்றவைப்பதில் புகைக்குப் பெரும் பங்குண்டு. பகலில் கண்ணீருக்கு மாற்றான சொட்டு மருந்தும் இரவில் களிம்பும் எரிச்சலைத் தணிக்கும். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிச் சிவப்பு நிறப் பொருள் ஒன்றைப் பாருங்கள்: ஒரு கண்ணில் நிறம் வெளிறித் தெரிந்தாலோ, பார்வை மங்கினாலோ, பார்வை நரம்பு நசுங்கத் தொடங்கியிருக்கலாம், முன்பதிவுக்குக் காத்திராமல் அன்றே கண் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.