பாலை மண்ணின் கறுப்புப் பொருக்கு

கேள்வி: வறண்ட நிலங்களில் மண்ணுக்கு மேல் கறுப்பாகப் படிந்திருக்கும் பொருக்கு உயிருள்ளது என்கிறார்களே, அது ஒரே வகைப் பாசிதானா? தண்ணீரே இல்லாமல் எப்படிப் பிழைக்கிறது?

பதில்: ஒரே வகை இல்லை. அதில் பாசிச்செடி, லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்) எல்லாம் இருக்கும், ஆனால் பெரும்பாலும் முதலில் குடியேறி மண்ணைப் பிடித்து நிறுத்துவது சயனோபாக்டீரியாதான், அதாவது செடிகளைப் போல வெயிலில் உணவு தயாரிக்கும் பாக்டீரியா. அதிலும் மைக்ரோகோலியஸ் வஜினேட்டஸ் என்ற இழை வடிவ உயிர் முக்கியமானது. பல இழைகள் சேர்ந்து ஒரே பசையுறைக்குள் கயிறு போலக் கிடக்கும், மண் நனைந்ததும் உறையைவிட்டு மேலே ஊர்ந்து வரும், காயத் தொடங்கினால் திரும்பக் கீழே போய்விடும். விட்டுப்போன உறைகள் மணலைப் பிணைத்துக்கொண்டே இருக்கும். பொருக்கில் ஒரு சில்லை மெதுவாகத் தூக்கி உருப்பெருக்கியில் பாருங்கள், அடியில் மணல் துகள்கள் மெல்லிய நூல்களில் தொங்கிக்கொண்டிருக்கும். காற்று அந்த மண்ணை அள்ளிப்போக முடியாததற்கு இந்த நூல்கள்தான் காரணம்.

ஆனால் இந்த மைக்ரோகோலியஸால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்க முடியாது. அந்த வேலைக்கு நாஸ்டாக், சைட்டோனீமா, டோலிபோத்ரிக்ஸ் ஆகிய வேறு சயனோபாக்டீரியாக்கள் பின்னால் வந்து சேர்கின்றன. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும் என்பதால், அதற்கென்றே தடித்த சுவருள்ள தனி செல்களை இவை வைத்திருக்கின்றன. கறுப்பு நிறமும் இவை கொண்டுவருவதுதான்: உறையில் சைட்டோனெமின் என்ற பழுப்பு நிறமி சேர்ந்து புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது.

தண்ணீர் இல்லாதபோது உயிர்ச்செயல்கள் அப்படியே நின்றுவிடும், நனைந்தால் மீண்டும் தொடங்கும். உலர்த்திப் பாதுகாத்த ஒரு நாஸ்டாக் மாதிரி 87 ஆண்டுகளுக்குப் பிறகு உயிர்பெற்றதாக 1941இல் பதிவாகியிருக்கிறது!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நுண்ணோக்கியில் ஒரே மாதிரி தெரிகிற இழைகள் டிஎன்ஏவில் வெவ்வேறாக இருக்கின்றன. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பல இடங்களில் எடுத்த மண்ணை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். குளிர்ந்த வறண்ட நிலங்களில் வஜினேட்டஸ் மிகுதி, வெப்பமான இடங்களில் அதே தோற்றமுள்ள மைக்ரோகோலியஸ் ஸ்டீன்ஸ்ட்ரூப்பி மிகுதி. பூமி சூடாகும்போது முதலாவது பின்வாங்கக்கூடும் என்பது உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய செய்தி.

கேள்வி: பொருக்கு உடைந்துவிட்டால் திரும்ப வளர்க்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் பொறுமை வேண்டும். காய்ந்த பொருக்கு ஒரு மிதிக்கே நொறுங்கும், வண்டிச்சக்கரம் ஏறினால் கேட்கவே வேண்டாம். முழுதாக மீள சில இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகும். கறுப்பு வகைகள் திரும்பி வருவதற்கு இன்னும் தாமதமாகும். சீனாவின் குபூச்சி பாலைவனத்தில் சயனோபாக்டீரியாவைப் பெருக்கி மணல்மேல் தூவிப் பார்த்திருக்கிறார்கள், பலனும் கிடைத்தது. என்னைக் கேட்டால், தூவுவது அந்த மண்ணிலிருந்தே எடுத்து வளர்த்த கலவையாக இருக்க வேண்டும், வேறு தட்பவெப்பத்தில் வளர்ந்த வகை அங்கே தாக்குப்பிடிக்கும் என்று நம்ப முடியாது.