லித்தியச் சுரங்கத்தின் தாக்கத்தை அளப்பது எப்படி? சேலம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

லித்தியம் எடுத்தால் நிலத்தடி நீர் வற்றிவிடும் என்கிறார்களே, உண்மையா ஐயா? (அஸ்தம்பட்டி வாசகர்)

எங்கே, எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சிலியின் அட்டகாமா உப்புப் படுகையில் நிலத்தடி உப்புநீரை இறைத்து, அகன்ற பாத்திகளில் ஓராண்டுக்கும் மேலாக வெயிலில் காயவிடுகிறார்கள். இறைத்த நீரில் பெரும்பகுதி ஆவியாகிறது. ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸில் பாறையை உடைத்து, அதிலுள்ள ஸ்போடுமீன் கனிமத்தைப் பிரிக்கிறார்கள். அதிலிருந்து லித்தியம் பெற, 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டுக் கந்தக அமிலத்துடன் வறுக்க வேண்டும். இந்த முறையில் தூசி, கழிவுக் குவியல், எரிபொருள் ஆகியவையே முதற்கவலைகள். கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து மார்லகல்லாவில் கண்டறியப்பட்டதும் பாறை வகையே என்பதால், சேலத்தவருக்கு அட்டகாமாவைவிட நம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கங்களே நெருங்கிய பாடம் என்பது என் கருத்து.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்தால் முதலில் எதைப் பார்ப்பது? (ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்)

சுரங்கம் வருவதற்கு முந்தைய நிலையை எப்போது, எங்கே அளந்தார்கள் என்பதைப் பாருங்கள். வழக்கமாக, மழைக்காலம் நீங்கலான ஒரே பருவத்தின் அளவீடுகளும், சுரங்கத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் வட்டமும் போதுமென்று கொள்ளப்படுகிறது. ஐப்பசி மழையில் ஊறிச் சித்திரையில் வற்றும் கிணற்றை ஒரு பருவத்தில் மட்டும் அளந்தால், பின்னாளில் நீர் இறங்கும்போது அதற்குச் சுரங்கம் காரணமா, பொய்த்த மழை காரணமா என்று யாராலும் நிறுவ முடியாது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் அந்த வட்டத்தோடு நிற்பவை அல்ல; மலைமேல் நடக்கும் வேலையின் விளைவைக் கீழே உள்ள பாசனக்காரர்களே கடைசியில் சுமப்பார்கள். அறிக்கை தயாரிப்பவருக்குச் சுரங்க நிறுவனமே ஊதியம் தருகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

பட்டா இல்லாத மலைவாசிகள் கணக்கில் வருவார்களா? (வாழவந்தி வாசகி)

வர வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மலையாளிப் பழங்குடியினருக்கும் பொருந்தும். அந்தச் சட்டத்தின் அடிப்படையில்தான், ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுக்கும் திட்டத்தைக் கிராம சபைகளின் முன் வைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டது. 12 கிராம சபைகளும் மறுத்துவிட்டன. அதே ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டமோ, நிலமற்ற கூலியாட்களையும் குத்தகைதாரர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாக ஏற்கிறது.

மின்சார வண்டி வேண்டுமென்றால் சுரங்கமும் வேண்டாமா? (ஐந்து ரோடு வாசகர்)

வண்டியின் மின்கலத்துக்கு லித்தியம் தேவை; சுரங்கமும் வேண்டும், மறுக்கவில்லை. தேவை பெரிது என்பது மதிப்பீட்டைச் சுருக்கிக்கொள்வதற்கான காரணம் ஆகாது.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மாணவர்கள் பேசலாமா? (ஓமலூர், கல்லூரி மாணவி)

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அதற்கு இடமளித்தது. 30 நாள் முன்னறிவிப்பும் கட்டாயம். ஆனால் 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, லித்தியம் உள்ளிட்ட முக்கியக் கனிமத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்களித்தது. தமிழ்நாடு அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. நானும் இதைப் பெருந்தவறாகவே கருதுகிறேன். ஒரு ஊற்று எந்த மாதத்தில் வற்றுகிறது என்பதை அங்கே தண்ணீர் எடுப்பவரே அறிவார். அந்தச் சாட்சியம் இனி எந்த வழியில் அறிக்கைக்குள் வரும்? ஆகவே இப்போதே உங்கள் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் தேதியுடன் குறித்து வாருங்கள். அந்தப் பதிவைக் கிராம சபைத் தீர்மானத்துடன் இணைத்து, நகலை ஊராட்சியிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.