மாமியாருக்கு மட்டும் ரொட்டியும் வாழைப்பழமுமா?

கேள்வி: நாங்கள் பாரிஸை அடுத்த சார்செலில் இருக்கிறோம். சொந்த ஊர் காரைக்கால். போன கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்கு இரண்டு வாரம் போனோம். கடற்கரை அருமை. ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தால் சண்டைதான். இரவானால் கடலோர உணவகத்துக்குப் போவோம். தட்டு வருவதற்கே முக்கால் மணி நேரமாகும். பெரிய பிள்ளைகள் இருவரும் பீட்சாதான் வேண்டும் என்பார்கள். பில்லைப் பார்த்ததும் கணவரின் முகம் மாறிவிடும். நல்லவேளையாக, மூன்று வயதுக் கடைக்குட்டியை வைத்துக்கொள்ள மாமியார் அறையில் இருந்தார். எழுபது வயதாகிறது, அந்த ஊர்ச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ரொட்டியும் வாழைப்பழமும் போதும் என்பார். வரும் ஜூலையிலும் போகிறோம். சண்டை இல்லாமல் வெளியே சாப்பிட வழி சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் நால்வரும் கடற்காற்றில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். எழுபது வயதுப் பெண்மணி உங்கள் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, அறையில் தனியாக ரொட்டியைப் பிய்த்துத் தின்றிருக்கிறார். இரண்டு வாரமும் இப்படித்தான். அதை எழுதும்போது ‘நல்லவேளையாக’ என்கிறீர்கள். பீட்சாவைப் பற்றிப் பிறகு பேசலாம் அம்மா, முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். ஒருநாளாவது அவரை ‘வாருங்கள், சேர்ந்து போய்ச் சாப்பிடலாம்’ என்று கூப்பிட்டீர்களா? கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். கூப்பிட்டதாக ஒரு வரிகூட இல்லை.

போதும் என்று அவர் சொன்னாராம். மகன் பில்லைப் பார்த்து முகம் சுளிப்பதை அந்தத் தாய் அறியமாட்டாரா? தனக்காக இன்னொரு தட்டு எதற்கு என்று நினைத்திருப்பார். குழந்தையை யார் பார்ப்பது என்றும் நினைத்திருப்பார். அவர் போதும் என்றது உங்களுக்கு வசதியாக இருந்தது, நீங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. சம்பளமில்லாமல் பிள்ளை பார்க்க ஆள் வேண்டுமென்று பெரியவர்களைக் கடல் கடந்து அழைத்துப்போகும் வழக்கத்தை நான் பல கடிதங்களில் பார்த்துவிட்டேன். அது தவறு.

அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்கிறீர்களே, அவர் அதை வாயில் வைத்துப் பார்த்தாரா? பிரெஞ்சுத் தீவுகளில் 1848இல் அடிமைமுறை ஒழிந்ததும், கரும்புத் தோட்ட முதலாளிகள் கூலிக்கு ஆள் தேடினார்கள். 1854 டிசம்பரில் இந்தியர்களை ஏற்றிய முதல் கப்பல் குவாதலூப்புக்கு வந்தது. 1889 வரை 40,000க்கும் அதிகமானவர்கள் போய் இறங்கினார்கள். அவர்களில் பலர் புதுச்சேரியிலும், உங்கள் காரைக்காலிலும் கப்பல் ஏறிய தமிழர்கள். கபெஸ்தேர் பக்கம் ஷாங்ஜியில் அவர்கள் வழிவந்தவர்களின் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அவர்கள் கொண்டுபோன மசாலாவில் உருவான கொலொம்போ என்னும் குழம்பு இன்று அந்தத் தீவு மக்கள் எல்லாருக்கும் வீட்டுச் சாப்பாடு. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம், மிளகு எல்லாம் அதில் உண்டு. ஆட்டுக்கறியிலும் கோழியிலும் மீனிலும் செய்வார்கள், சோற்றோடு பரிமாறுவார்கள். பெரும்பாலும் காரம் குறைவு, மிளகாயைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காரைக்கால்காரருக்கு இது ஒத்துக்கொள்ளாது என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்கள். இரண்டு வாரத்தில் அந்தக் கோயிலுக்காவது அவரைக் கூட்டிப்போனீர்களா?

இனி உங்கள் கேள்வி. வெளிச்சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றுங்கள். கடைக்குட்டி விழித்திருக்கும், ஆறு பேரும் ஒன்றாகப் போகலாம். சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் கடலோர இடங்களை விட்டுவிட்டு, குடும்பமாக நடத்தும் சிறு உணவகங்களைத் தேடுங்கள். உள்ளூர்க்காரர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்களோ அங்கே நுழையுங்கள். அன்றைய சமையல் என்னவென்று வாசலில் பலகையில் எழுதியிருப்பார்கள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் போய்விட வேண்டும், இரண்டு மணிக்குமேல் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். பசியோடு காத்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் அக்ரா வாங்கிக் கொடுங்கள். உப்புக் கருவாட்டு மீனை மாவில் பிசைந்து பொரித்த உருண்டை அது, பீட்சாவை மறந்துவிடுவார்கள். சௌசௌவில் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட பண்டமும் கிடைக்கும், பல் இல்லாதவர்கள்கூடச் சாப்பிடலாம்.

விலையைப் பற்றி உங்கள் கணவர் அலுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. பல பொருள்கள் கப்பலில் வருவதால், அங்கே உணவுப் பொருள்களின் விலை பிரான்ஸ் பெருநிலத்தைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம். சேவைக் கட்டணம் பில்லிலேயே அடங்கிவிடும், அதற்குமேல் கொடுப்பது உங்கள் விருப்பம். இரவில் சாலையோர வண்டிகளில் போகித் வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணெயில் பொரித்த ரொட்டியைப் பிளந்து மீனோ கோழியோ வைத்துத் தருவார்கள். ஓர் உணவகத் தட்டின் விலையில் இரண்டு மூன்று பேர் வயிறு நிறையும். கடற்கரையில் துண்டை விரித்து, மாமியாரையும் வைத்துக்கொண்டு சாப்பிடுங்கள். கணவனும் மனைவியும் தனியாக ஓர் இரவு வெளியே போக வேண்டுமா? தாராளமாகப் போங்கள். அன்று அவருக்குப் பிடித்த சாப்பாட்டை முதலில் வாங்கி வந்து வைத்துவிட்டு, அவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

கடைசியாக, உங்கள் கணவரும் இதைப் படிக்க வேண்டும். மருமகளைக் கண்டித்த அளவுக்கு அவரையும் கண்டிக்கிறேன், அதைவிட ஒரு படி கூடவே. பெற்ற தாய் அறையில் ரொட்டி தின்னும்போது அவருக்கு மீன் எப்படி இறங்கியது? ஜூலையில் முதல் நாள் மதியம் அவர் தன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரட்டும். பலகையில் எழுதியிருப்பதை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லட்டும், விலையைச் சொல்ல வேண்டாம். மீனா கோழியா என்று அந்த அம்மாவே சொல்லட்டும். அதன்பிறகு மற்றவர்களுக்கு என்ன வேண்டுமென்று கேளுங்கள்.