வீடுகளைச் சுற்றிப் பார்ப்பதற்காகவே பயணம் போவதுண்டா? உள்ளமைப்பிலும் கட்டுமானத்திலும் உங்களைக் கட்டிப்போட்ட வீடு எது?

போவதுண்டு. கோயில் பார்க்க, அருவி பார்க்க ஊர் ஊராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அந்த மாதிரி நான் வீடு பார்க்கப் போவேன். அதிகம் போனது காரைக்குடிப் பக்கம், அதாவது செட்டிநாடு. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை என்று நாலைந்து தடவை சுற்றியாகிவிட்டது. கேள்விக்கு நேரான பதில்: என்னைக் கட்டிப்போட்டது அங்கே ஒரு சிற்றூரில் இருக்கும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு. யாரும் டிக்கெட் போட்டுக் காட்டுகிற வீடில்லை, அதனால் ஊர்ப்பெயர் வேண்டாம்.

முதல் தடவை போனபோது எல்லோரையும் போல ஆத்தங்குடியில் லட்சுமி விலாசம் என்ற மாளிகைக்குத்தான் போனேன். கட்டணம் கட்டிப் பார்க்கலாம். கூரையின் உட்புறம் முழுக்க வண்ண வேலைப்பாடு, கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் பர்மா தேக்குத் தூண்கள், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து பர்மா, இலங்கை, மலேயா என்று போய் வட்டிக்கடை நடத்தியவர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய செல்வம் அது. படமாக எடுத்துத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய வீட்டுல இவங்க எங்க படுத்துத் தூங்குவாங்க? சமையல் எங்க?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. முந்நூறு படத்தில் ஒரு படுக்கையறை கிடையாது, ஒரு அடுப்பு கிடையாது. முகப்பை மட்டும் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த இரண்டு கேள்விக்கும் பதில் தேடித்தான் அடுத்த தடவை போனேன்.

முதலில் சொன்ன அந்தச் சிற்றூர் வீடு அதுதான், அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவரின் அப்பத்தா வீடு. எண்பதைத் தாண்டிய அந்த ஆச்சியும் துணைக்கு ஒரு அம்மாவும் மட்டும் அங்கே இருந்தார்கள். ஆச்சி திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். நான் தூணைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அது எல்லா வீட்லயும் இருக்கும். உள்ள வா" என்றார்.

இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் இன்னொரு தெரு. முன்வாசலில் நின்றால் பட்டாலை என்கிற முன்கூடம், வளவு, அதை அடுத்த இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் ஒரே நேர்கோட்டில், கதவுக்குள் கதவாகத் தெரிந்து, கடைசியில் பின்வாசலின் வெளிச்சம் கையகல சதுரமாகத் தெரியும். படத்தில் அது அழகுக்காகச் செய்தது போலத் தோன்றும். மதியம் அங்கே நின்றால்தான் காற்று வருவது தெரியும். நடுவில் இருக்கும் திறந்த முற்றங்களில் சூடு மேலே ஏறிப் போகப் போக, வாசல் வழியே காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. மின்விசிறி போடாத வீட்டில் ஆச்சியின் முந்தானை லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

வளவு என்பது அந்த முதல் முற்றம். சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாகப் பூட்டிய கதவுகள். ஒவ்வொரு கதவும் ஒரு மகனுக்கு. நகரத்தாரிடம் கல்யாணமான ஒரு ஜோடி ஒரு 'புள்ளி'. கோயிலுக்கு வரி கொடுப்பதுகூடப் புள்ளிக் கணக்கில்தான். ஒரு புள்ளிக்கு ஓர் இரட்டை வீடு, அதாவது வெளியே சின்னதாக ஓர் அறை, அதற்குள் இன்னோர் அறை. ஆச்சி இடுப்பில் இருந்த கொத்திலிருந்து முழங்கை நீளத்தில் பாதி இருக்கும் ஒரு சாவியை எடுத்து, இரண்டு சுற்று சுற்றித் திறந்தார். ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான நிலை. உள்ளே ஜன்னல் என்று சொல்ல முடியாத ஒரு துவாரம். டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவரோரம் மரப்பெட்டிகள், அதன்மேல் பித்தளை அண்டாக்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, சுவீடனிலிருந்து வந்த எனாமல் தூக்குகள், துணி சுற்றி வைத்த மங்கு (பீங்கான்) சாமான்கள், மூலையில் சுருட்டி வைத்த பாய்கள். எல்லாம் அவர் கல்யாணத்துக்கு வந்த சீர். ஒரு தூக்கை எடுத்து அடியைக் காட்டினார். அவருடைய அப்பச்சி (அப்பா) பெயரின் முதல் எழுத்துகள் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருந்தன.

"இதுக்குள்ளயா இருந்தீங்க?"

"இதுக்குள்ள சாமான் இருந்துச்சு. நாங்க வெளிய இருந்தோம்."

அம்மாவின் முதல் கேள்விக்கு அதுதான் பதில். அறை என்பது பொருளுக்கும், புதிதாய்க் கல்யாணமான ஜோடிக்கும். மற்ற வாழ்க்கையெல்லாம் தாழ்வாரத்தில். ஆண்கள் முகப்பிலும் பட்டாலையிலும் படுப்பார்கள், பெண்களும் பிள்ளைகளும் வளவைச் சுற்றிப் பாய் விரித்துக்கொள்வார்கள். நாம் இன்று வீடு கட்டினால் முதலில் எத்தனை படுக்கையறை என்று கேட்கிறோம். அங்கே கணக்கு வேறு மாதிரி போட்டிருக்கிறார்கள். நூறு பேர் கல்யாணத்துக்கு வந்தால் எங்கே உட்காருவார்கள், எங்கே சாப்பிடுவார்கள், மழை வந்தால் எங்கே ஒதுங்குவார்கள் என்று யோசித்துக் கட்டிய வீடு அது.

இரண்டாவது கேள்வி, சமையல். அது பின்கட்டில். இவர்களிடம் மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைக்கிற' வழக்கம் உண்டு. ஒரே கூரை, ஒரே முற்றம், ஆனால் அந்தப் புள்ளிக்குத் தனி அரிசி, தனி அடுப்பு. மாமியாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் அவரவருக்குச் சமைப்பார்கள். விசேஷ நாளில் மட்டும் எல்லோருக்கும் ஒரே உலை. பின்கட்டுத் தாழ்வாரத்தில் புகைக்கரி படிந்த இடங்களை ஆச்சி வரிசையாகக் கைகாட்டினார்: "இது பெரியவுக, இது நான், இது என் கொழுந்தனார் வீடு." கூட்டுக் குடும்பம் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இவ்வளவு நுணுக்கமான ஒரு ஏற்பாடு இருந்ததை அந்தக் கரி அடையாளங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தன.

அப்புறம் அந்தச் சுவர். அதைப் பற்றி எழுதாமல் விட முடியாது. மதியம் இரண்டு மணி இருக்கும், வெளியே சித்திரை வெயில். "கன்னத்த வச்சுப் பாரு" என்றார் ஆச்சி. வைத்தேன். மண்பானையைத் தொட்ட மாதிரி குளிர்ச்சி, கண்ணாடி போல வழுவழுப்பு. சுண்ணாம்புச் சாந்தை ஒன்றின்மேல் ஒன்றாகப் பல பூச்சு பூசி, மேலே போகப் போக இன்னும் நைசாக அரைத்துப் பூசியிருக்கிறார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள், கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. அதைக் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றியிருக்கிறார்கள். அந்த வீட்டில் ஆச்சி கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தச் சுவருக்கு வண்ணம் அடித்ததே இல்லையாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

தரையில் இருந்தது ஆத்தங்குடிக் கல், கையால் செய்யும் வண்ண சிமெண்ட் டைல். அன்று சாயங்காலமே ஆத்தங்குடியில் ஒரு பட்டறைக்குப் போய் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சைப் பொருத்தி, வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பை ஒவ்வொரு இதழிலும் கரண்டியால் ஊற்றுகிறார் ஒரு பெரியவர். ஒரு சொட்டு பக்கத்து இதழில் விழவில்லை. அச்சை மெல்லத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கின்றன. அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பின்பு கலவை போட்டுச் சமப்படுத்துகிறார். நாம் பார்க்கிற பக்கம் கடைசிவரை அவருக்குத் தெரியாது, அது அடியில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூளையில் வைப்பதில்லை. காய வைத்து, சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் கண்ணாடி தானாக விட்டுவரும். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. நடக்க நடக்க அது இன்னும் கூடும், பூட்டிப்போட்டால் மங்கிவிடும்.

பூட்டிப்போட்ட வீடுகள்தான் அங்கே இப்போது அதிகம். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததிலிருந்து அங்கிருந்த தொழிலும் நிலமும் கைவிட்டுப் போகத் தொடங்கின. வீடு மட்டும் மிஞ்சியது. தலைமுறை பெருகப் பெருக ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள். ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் எல்லோரும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராத வீட்டில் ஒரு மூலை ஒழுக ஆரம்பிக்கிறது, பிறகு உத்தரம் இறங்குகிறது, கடைசியில் பிரித்து விற்றுவிடுகிறார்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. அங்கே சாய்த்து வைத்திருக்கும் நிலைக்கதவுகளைப் பார்த்தால் எனக்கு வாங்கத் தோன்றுவதில்லை. எந்த வளவில் எந்தப் புள்ளியின் கதவோ என்றுதான் தோன்றும். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. அது நல்ல செய்தி, ஆனால் ஓடு மாற்றும் செலவுக்கு அது பதில் இல்லை. விடுதியாக மாற்றிய சில வீடுகள் பிழைத்திருக்கின்றன. அதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆள் நடமாட்டம் இருந்தால்தான் அந்த வீடு நிற்கும்.

போக நினைப்பவர்களுக்கு: கானாடுகாத்தானில் அப்படி ஒரு வீட்டில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். பகலில் வந்துபோனால் முகப்புதான் கிடைக்கும். தனியார் வீடு என்றால் கேட்டுவிட்டுப் போங்கள், செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள், பூட்டிய கதவைத் திறக்கச் சொல்லாதீர்கள். அவர்களே திறந்தால் பாருங்கள். காரைக்குடி தூரமென்றால், சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996-ல் திறந்தது. இடிக்கப்படவிருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள், ஒரு செட்டிநாட்டு வீடும் உண்டு.

முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். கடைசியாக நான் போனது அப்போதுதான். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் மழை வளவுக்குள் இறங்கியது. முதல் பத்து நிமிஷத் தண்ணீரை ஆச்சி பிடிக்க விடவில்லை, ஓட்டுத் தூசி போகட்டும் என்றார். பிறகு இரட்டை வீட்டைத் திறந்து, அந்தச் சீர் அண்டாக்களில் இரண்டை எடுத்துவரச் சொல்லி நாலு மூலையில் தண்ணீர் வேகமாக விழும் இரண்டு மூலைகளில் வைக்கச் சொன்னார். நான்தான் தூக்கி வைத்தேன். அண்டா நிறைகிற வரை யாரும் பேசவில்லை, பேசினாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது. மீதித் தண்ணீர் கல்வாய்க்கால் வழியே தெருவுக்கு இறங்கி ஊருணிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.