ராத்திரி ஏழு மணிக் கணக்கு

அன்புள்ள ஐயா,

கமுதி சூரியமின் நிலையத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 648 மெகாவாட், 2,500 ஏக்கர் என்று பெருமையாகச் சொன்னீர்கள். அணு உலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பருவநிலை மாற்றம்தான் கவலை என்றால் அதை ஏன் ஒதுக்க வேண்டும்? ஜெர்மனி 2023-ல் கடைசி மூன்று உலைகளையும் மூடியது. நிலக்கரியை இன்னும் எரிக்கிறது. நீங்களும் பயந்துதானே பேசாமல் இருக்கிறீர்கள்?

— ஒரு வாசகர், தேவிபட்டினம்

அன்புள்ள தம்பி,

பயம் உண்டு, மறைப்பானேன்? 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போன கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். கடலோரத்தில் எதைக் கட்டினாலும் வயிற்றில் ஒரு கலக்கம் வரும்.

ஆனால் கரியமில வாயுக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2014-ல் கொடுத்த இடைநிலை மதிப்பு, கட்டுமானம் முதல் எல்லாம் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு அணுமின்சாரம் 12 கிராம், பெரிய சூரியமின் நிலையம் 48, நிலக்கரி 820. நாம் பன்னிரண்டுக்கும் நாற்பத்தெட்டுக்கும் மல்லுக்கட்டும்போது 820 சத்தமில்லாமல் புகைந்துகொண்டிருக்கிறது.

அந்தப் புகைக்கான வட்டியைத் தென்கடல் கட்டுகிறது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் நீர் சூடேறிப் பவளப்பாறைகள் வெளுத்தன. இருபத்தொரு தீவுகளில் இரண்டு மூழ்கியும் போயின. (அதில் ஒரு காலத்தில் நாமே பவளக்கல் வெட்டி எடுத்ததற்கும் பங்குண்டு. எல்லாப் பழியையும் பருவநிலை தலையில் கட்டக்கூடாது.)

கூடங்குளத்தில் வெந்நீர் கடலுக்கு வந்தால் மீன் என்ன ஆகும் என்று மீனவர்கள் கேட்டபோது சிலர் சிரித்தார்கள். அது விவரமான கேள்வி. அங்கே ஓர் உலை 1,000 மெகாவாட் மின்சாரம் தர 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. மீதி ஏறக்குறைய இரண்டு பங்கு கடலுக்குத்தான் போகிறது. கடலோர அனல்மின் நிலையமும் இதே வேலையைத்தான் செய்கிறது, கூடவே புகையும் விடுகிறது.

சரி, சூரியன் மட்டும் போதுமா? போதாது. கமுதியில் பொழுது சாய்ந்தால் உற்பத்தி பூஜ்யம். காற்றாலை கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் பிய்த்து உதறும், ஐப்பசியில் படுத்துவிடும். வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஓடுவது ராத்திரி ஏழு மணிக்கு. ஐஸ் கம்பெனிக்கோ இரவு பகல் கிடையாது. இந்த இடத்தில் உலையின் கை ஓங்கியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உலை வர எத்தனை காலம்? கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் போட்டது 1988-ல். முதல் உலை வணிக உற்பத்தியைத் தொடங்கியது 2014-ன் கடைசி நாளில். கமுதி எட்டு மாதத்தில் எழுந்தது. ஆகவே என் கட்சி இதுதான்: ஓடுகிற உலை பாதுகாப்பாக ஓடட்டும், நிலக்கரியை எரியவிட்டு உலையை முதலில் மூடிய ஜெர்மனியின் வரிசை எனக்கும் பிடிக்கவில்லை. புதிதாகப் போடும் பணம் மட்டும் பகல் வெயிலை ராத்திரிக்குச் சேமிக்கும் வேலைக்குப் போகட்டும். பேட்டரி ஒரு வழி. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்குக் கட்டுகிற மாதிரி, மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலேற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்குவது இன்னொன்று.

முந்தைய கட்டுரையில் நான் விட்டது உலையை மட்டுமல்ல, நிலத்தையும்தான். காகிதத்தில் 'தரிசு' என்று எழுதிவிடுகிறோம். ஆட்டுக்கிடை போடுகிறவரும் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவரும் அதைத் தரிசு என்று சொல்லமாட்டார்கள். சூரியப் பலகை நடும்போது கண்மாய்க்கு வரும் வரத்துக்கால் மறிபடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் சீமையில் மழை வருவதே கொஞ்ச நாள்.

உங்கள் பக்கத்து ஐஸ் கம்பெனியில் ஒரு உதவி கேட்டுப் பாருங்கள். ஐஸ் உறைய வைக்கும் வேலையைப் பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் முடிக்க முடியுமா, முடியாதென்றால் எது தடுக்கிறது? பதில் கிடைத்தால் எழுதுங்கள், அதையும் இங்கே போடுகிறேன்.