உருகி ஒட்டிப்போன வைட்டமின் கம்மீஸ்: கொடுக்கலாமா, கொட்டிவிடலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். எட்டு வயதுப் பெண்ணுக்காக வாங்கிய மல்டிவைட்டமின் கம்மீஸ் (மென்று தின்னும் மிட்டாய் மாதிரி வைட்டமின்) பாட்டிலை ஃபிரிட்ஜ் தலையில்தான் வைத்திருந்தேன். மே மாதம் ஒரு வாரம் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் வந்து பார்த்தால் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடக்கிறது. காலாவதி ஆக இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. கத்தியால் வெட்டிக் கொடுத்துவிடு என்கிறார் அத்தை. 700 ரூபாய் பொருள், தூக்கிப் போட மனசு வரவில்லை.

பதில்: கொடுக்காதீர்கள். அத்தை சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது, உருகி ஒட்டியதால் மட்டுமே அது விஷமாகிவிடாது, சர்க்கரையும் புளிப்பும் தூக்கலாக இருப்பதால் சட்டென்று கெடவும் கெடாது. ஆனால் நீங்கள் காசு கொடுத்தது மிட்டாய்க்கு அல்ல, அளவுக்கு. ஒரு கம்மியில் இத்தனை மில்லிகிராம் என்று அளந்து வார்த்ததை உருகிய கட்டியிலிருந்து வெட்டினால் குழந்தைக்கு எவ்வளவு போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

கம்மியை இறுக்கிப் பிடித்திருக்கும் ஜெலட்டின் (விலங்கிலிருந்து எடுப்பது) 35 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். கத்திரி வெயிலில் பூட்டிய வீடு, அதிலும் ஃபிரிட்ஜ் தலை, அது உருகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சைவம் என்று பச்சைப் புள்ளி போட்டவற்றில் ஜெலட்டின் இருக்காது, பெரும்பாலும் பழத்திலிருந்து எடுக்கும் பெக்டின்தான், அது சூட்டிலும் வடிவம் குலையாமல் நிற்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது, வைட்டமின் சி, பி1, ஃபோலிக் அமிலம் எல்லாம் சூட்டிலும் ஈரத்திலும் கண்ணுக்குத் தெரியாமலே குறைந்துகொண்டிருக்கும். காலாவதித் தேதியும் அப்படித்தான், லேபிளில் சொன்னபடி வைத்திருந்தால்தான் அந்தத் தேதி செல்லும். கர்ப்பிணிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஃபோலிக் அமிலம் போன்ற விஷயங்களில் இந்தக் குறைவு சாதாரணமில்லை, அதற்கு மாத்திரையே வாங்குங்கள்.

சரி, வேறு எதைப் பார்த்து முடிவு செய்வது? மேலே வெள்ளையாகப் பொரபொரவென்று இருந்தால் சர்க்கரை பூத்திருக்கலாம். பஞ்சு மாதிரியோ பச்சை, கறுப்புத் திட்டாகவோ இருந்தால் பூஞ்சணம், அந்த ஒன்றை மட்டும் எடுத்துப் போடாமல் பாட்டிலையே கொட்டிவிடுங்கள். புளித்த வாடை, மீன் எண்ணெய் சேர்த்ததில் காறல் வாடை, நிறம் பழுப்பாக மாறியது, இவையும் அப்படியே.

நம் ஊரில் வெயிலைவிட எனக்குக் கவலை கடற்காற்றின் ஈரம்தான். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளையை எந்தக் கலர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாலே போதும், உள்ளே பிசுபிசுத்துவிடும். கை காய்ந்திருக்க வேண்டும், உள்ளே ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எடுத்து எறியக் கூடாது. லேபிள் சொல்லாமல் ஃபிரிட்ஜுக்குள் வைக்காதீர்கள், ஜில்லென்ற தண்ணீர் பாட்டில் வெளியே எடுத்ததும் வியர்க்குமே, அதே ஈரம் திறக்கும்போதெல்லாம் கம்மி மேலேயும் படியும். படுக்கையறை பீரோவின் மேல்தட்டு நல்ல இடம், பிள்ளை கைக்கும் எட்டாது. அடித்தட்டு வேண்டாம், 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் வீடுகளுக்குள் வந்தது உங்களுக்கு மறந்திருக்காது, வெள்ளத் தண்ணீர் பட்ட பாட்டில் சீல் உடைக்காததாக இருந்தாலும் ஆகாது.

பிள்ளைகள் இதை மிட்டாயாகத்தான் பார்க்கிறார்கள். இரும்புச் சத்து சேர்த்ததை அள்ளித் தின்றால் உயிருக்கே ஆபத்து, வைட்டமின் ஏ, டி உடம்பிலேயே தங்கிவிடும். அப்படி நடந்தால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அப்புறம், அடுத்த முறை 120 எண்ணிக்கை ஆஃபரைப் பார்க்காமல் 30 இருக்கும் சின்ன பாட்டிலாக வாங்குங்கள்.

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். ஆன்லைனில் வாங்கிய கம்மீஸ் வரும்போதே இளகி ஒட்டியிருந்தது, காலாவதிக்கு 20 நாள்தான் மீதி. உணவுப் பொருளை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: விடாதீர்கள். டெலிவரி ஆகும்போது மொத்த ஆயுளில் 30 சதவீதமோ, இல்லை காலாவதிக்கு முன் 45 நாளோ மீதி இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-ல் ஆன்லைன் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. பாட்டில், லேபிளில் தேதி இருக்கும் இடம், 14 இலக்க லைசென்ஸ் எண், பார்சல் கவர், பில் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் அவர்களுக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள், போனில் பேசியது நிற்காது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம், 2019 சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் புதுச்சேரியிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. பணம் திரும்பக் கைக்கு வரும்வரை அந்த பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.